புளியங்குளத்துச் சந்தியில் இளைப்பாறிய மோட்டார் வண்டி

வவுனியாவிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில், ஓமந்தையைக் கடந்து, இருபுறமும் காடு நெருங்கி வருமிடத்தில் புளியங்குளம் இருக்கிறது. வவுனியாவுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரம். பஸ்ஸில் உறங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இவ்வூர் ஒரு சந்தி, சில கடைகள், கிழக்கே நெடுங்கேணிக்குப் பிரியும் ஒரு தெரு, ஒரு புகையிரத நிலையம், அவ்வளவுதான். அப்பால் வரப்போகும் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறிப்பதிலேயே அவர்களுடைய நினைவு இருக்கும்.

நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே போய்வந்தவர்கள்தாம். தங்கை மணம் முடித்து அவ்வூரிலே குடியேறிய பின்னர்தான் புளியங்குளத்தில் இறங்கி நிற்கவும், அதன் காற்றைச் சுவாசிக்கவும் எமக்கு வாய்த்தது. சென்ற வைகாசியில் நாம் அங்கு போனது உறவு கொண்டாடுவதற்காக மட்டுமன்று, ஒரு வியாபாரத்துக்காகவுந்தான். உறவினருக்குள்ளே கொடுக்கல் வாங்கல் ஆகாது என்று பெரியோர் சொல்வர். அதன் பொருள் யாதென்பதை அந்தப் பிரயாணத்திலே நன்றாக உணர்ந்தோம்.

விஷயம் இதுதான். கொழும்பிலே நாம் ஆறு ஆண்டுகளாக ஓட்டிய குடும்ப மோட்டார் வண்டியை மைத்துனருக்கு விற்பதென்று பேசி முடித்திருந்தோம். எம் தாயார் தங்கையோடுதான் வசிக்கிறார். அவருக்குச் சிறுநீரக நோய். வவுனியாவிலும், மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளிலும் எத்தனையோ கமக்காரக் குடும்பங்களை வருத்திவரும் அந்த நோய் எம் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாட்கள், விடிவதற்கு முன்னரே அவரை வவுனியா வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கொண்டுபோக வேண்டும். கல்யாணத்துக்குப் பிந்திப் போகலாம். கச்சேரிக்கு மறுநாள் போகலாம். இந்தச் சிகிச்சை நாளை மட்டும் தவறவிட முடியாது. இதுவரை அயலிலுள்ள முச்சக்கர வண்டியே உதவிவந்தது. மழையிலும் பனியிலும் அதில் போய்வருவது தாயாருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தபடியாலேதான் எம்முடைய வண்டியை வாங்க மைத்துனர் விரும்பினார்.

“வண்டி நல்ல வண்டிதானே, மச்சான்?” என்று அவர் தொலைபேசியிலே கேட்டார். “நல்ல வண்டி” என்று நாம் சொன்னோம். அதைச் சொன்னபோது பொய் சொல்வதாக எமக்குத் தோன்றவில்லை. ஆனால், கொழும்பின் வாகன நெரிசலிலே சில மாதங்களாக அந்த வண்டி புறப்படும்போது மெல்ல நடுங்குவதை நாம் கவனித்திருந்தோம். அதை அவருக்குச் சொல்லவில்லை. அது ஒரு பெரிய காரியமா என்று எண்ணி விட்டுவிட்டோம்.

குளமும் வீதியும்

வன்னியிலே ஊர்ப்பெயரைக் கேட்டாலே அவ்வூரின் தோற்றம் ஒருவாறு விளங்கிவிடும். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கண்டி வீதியிலே அடுத்தடுத்து வரும் ஊர்கள் யாவும் குளத்தைக் கொண்டே பெயர் பெற்றிருக்கின்றன. ஒன்றுக்கு மா, மற்றொன்றுக்குப் புளி என்று மரங்களும் சேர்ந்துகொண்டன. மாரியிலே பெய்யும் மழையைத் தேக்கிவைத்து வயலுக்குப் பாய்ச்சும் நாட்டிலே குளமின்றி ஊர் ஏது? காடென்றால் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கும் காடு. மாலையானால் யானை வரும் என்று சொல்லி மக்கள் வேளைக்கே வீடு திரும்பும் காடு.

1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய ‘யாழ்தேவி’ இவ்வூரையுந் தாண்டியே காங்கேசன்துறைக்குப் போயிற்று. பின்னர் போர் வந்தது, 1990 இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது, தண்டவாளங்களும் மறைந்தன. 1997 மே மாதத்திலே வவுனியாவிலிருந்து வடக்கே கண்டி வீதியைக் கைப்பற்றத் தொடங்கிய படைநடவடிக்கையின்போது, புளியங்குளத்தைச் சுற்றி மாதக்கணக்கிலே கடுஞ் சண்டை நடைபெற்றது. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னர் வீதி திறந்தபோது, ஓமந்தையில் ஒரு தரப்பின் சோதனைச் சாவடியும் புளியங்குளத்தில் மறுதரப்பின் சாவடியும் இருந்தன. அக்காலத்திலே இவ்விரண்டு இடங்களிலும் வரிசையில் நின்றவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். 2006 ஓகஸ்ட் மாதத்திலே வீதி மறுபடியும் மூடப்பட்டது. போர் 2009 இல் முடிந்தது. 2013 இல் புகையிரதம் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடிற்று. இன்று வீதி செப்பமாக இருக்கிறது. வண்டிகள் காற்றாய்ப் பறக்கின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களிற் பலருக்கு இவ்வீதியின் சரித்திரம் தெரியாது.

வற்றாப்பளைக்கு ஒரு நேர்த்தி

நாம் போய்ச் சேர்ந்த மறுநாள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல். முல்லைத்தீவிலே நந்திக்கடலின் கரையில் அமைந்த அக்கோயிலுக்கு அன்றைக்கு நாடெங்குமிருந்து சனங்கள் திரள்வர். கடல்நீரை வைத்து விளக்கெரிக்கும் அங்குள்ள வழக்கத்தை அறியாதவர் வன்னியிலே இல்லை. தாயாருக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. “உடம்பு ஏலுமெண்டால் இந்த வருஷமே போக வேணும்” என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதற்கு மறுநாட் காலையிலேதான் அவருடைய வைத்தியசாலை நாள். இருந்தும், வண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் அனைவரும் புறப்பட்டோம்.

புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போகும் பாதை கண்ணுக்கினியது. ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு சென்றோம். கோயிலை அணுக அணுகச் சனநெரிசல் அதிகரித்தது. நடையிலே வருவோர், சைக்கிளில் வருவோர், உழவு இயந்திரப் பெட்டிகளிலே குடும்பம் குடும்பமாக வருவோர் என்று தெரு முழுவதும் மனிதத் தலைகள். அந்த வெள்ளத்தின் நடுவே எம் வண்டி, ஓரடி நகர்வதும் நிற்பதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தது. வெயிலோ சொல்லமுடியாத வெயில். அப்போதுதான் முன்பலகையிலே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு அது தானாகவே அணைந்துவிட்டது. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொங்கல் வைத்து, வழிபட்டு, பிற்பகலிலே திரும்பினோம். நெடுங்கேணியைத் தாண்டியதும், பக்தர்களை ஏற்றிய உழவு இயந்திரங்கள் பல வரிசையாக முன்னே போய்க்கொண்டிருந்தன. முந்திச் செல்ல வழியில்லை. மனிதன் நடக்கும் வேகத்திலே அவற்றின் பின்னால் நெடுந்தூரம் வந்தோம். புளியங்குளம் சந்திக்கு ஒரு கிலோமீற்றர் அளவு இருக்கையில் வண்டி குலுங்கிற்று. விளக்கு மறுபடியும் எரிந்தது. பிறகு இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்க, சக்கரம் மட்டும் சுழல மறுத்துவிட்டது. எரிந்த தும்புக் கயிற்றைப் போன்ற ஒரு மணம் மூக்கைத் துளைத்தது.

பின்னாசனத்திலே தாயார், அவருடைய மடியிலே பொங்கற் பிரசாதம். மணி நான்கு. இருபுறமுங் காடு. மைத்துனர் எம்மைப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை. அவர் எதையேனும் சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியவர் ஒருவர் வந்தார்

சைக்கிளிலே அவ்வழியாக வந்த ஒரு பெரியவர் எம்மைக் கண்டு இறங்கினார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நீரிறைக்கும் இயந்திரங்களையும் இருசக்கர உழவு இயந்திரங்களையும் திருத்துகிறவர் என்றும், முற்காலத்திலே லொறி மெக்கானிக்காக இருந்தவர் என்றும் மைத்துனர் சொன்னார். அவர் வண்டியின் முன்னே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“கிளச் சூடாகிப் போச்சுது, தம்பி. ஒண்டுஞ் செய்ய வேண்டாம். தண்ணி ஊத்த வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். அம்மாவை நிழலிலை இருத்துங்கோ. அது ஆறட்டும்.”

“ஐயா, இது தானாகக் கியர் மாறுகிற வண்டி. இதிலே கிளச் மிதியே கிடையாதே!” என்றோம் நாம்.

பெரியவர் சிரித்தார். “மிதி இல்லைத்தான். அதுக்காகக் கிளச் இல்லையெண்டு நினைச்சியளோ? இதிலை இரண்டு இருக்குது. மிதிக்கிறது உங்கடை காலில்லை; கொம்பியூட்டரின்ரை கால். அதுக்குக் கால் நோகாது, அதாலை விடாமல் மிதிச்சுக்கொண்டே இருக்கும்.”

வாகனத்தைப் பற்றி அதன் கையேட்டிலே ஆறு ஆண்டுகளாக நாம் படிக்காமல் விட்ட பாடத்தை, காட்டு வழியிலே அந்தப் பெரியவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார்.

காத்திருந்த நேரத்திலே அவர் பழங்கதை சொன்னார். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர், பொருளாதாரத் தடை காரணமாக வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் வருவது நின்றபோது, மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் முதலிய பழைய ஆங்கில வண்டிகளே சனங்களுக்குக் கைகொடுத்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிலே பெற்றோலை உயிர்போலப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு வண்டி போகும். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யுமாதலால் அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். அவ்வண்டிகளிலேதான் நோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களும் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தனர்.

“அந்தக் காலத்து வண்டிகள்தான் நம்பத்தக்கவை” என்று நாம் பெருமூச்சு விட்டோம்.

“ஆர் சொன்னது?” என்றார் பெரியவர். “அது எத்தனை தரம் வழியிலை நிண்டிருக்கு! நாங்கள் அதை நம்பேல்லை, தம்பி. அதின்ரை குணம் எங்களுக்குத் தெரியும். எப்ப நிக்கும், ஏன் நிக்கும், நிண்டால் என்ன செய்யிறதெண்டு தெரியும். அவ்வளவுதான்.”

ஏறக்குறைய முக்கால் மணி நேரஞ் சென்றபின் வண்டியை இயக்கிப் பார்க்கச் சொன்னார். அது ஒன்றுமே நடவாததுபோலப் புறப்பட்டது. மெல்ல ஓட்டிப் புளியங்குளம் சந்தியை அடைந்து, தேநீர்க் கடை வாசலிலே நிறுத்தி எல்லாரும் தேநீர் அருந்தினோம். தாயார் தமக்கு அளவிட்ட ஒரு வாய்த் தண்ணீரை மட்டும் அருந்தினார்.

இரண்டு கிளச் என்பது யாது?

மாணவர்களுக்கும், எம்மைப் போலக் கையேடு படியாதவர்களுக்கும் இதைச் சிறிது விளக்கிச் சொல்லுதல் நன்று.

இயந்திரம் எப்போதும் சுழல்வது; சக்கரமோ நிற்க வேண்டியபோது நிற்பது. இவ்விரண்டையும் வேண்டும்போது பிணைத்து, வேண்டாதபோது பிரிக்கும் தட்டே கிளச். சாதாரண வண்டியிலே கிளச் ஒன்று. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதைப் பிரித்து, கியரை மாற்றி, மறுபடியும் சேர்க்க வேண்டும். அந்தக் கணத்திலே சக்கரத்துக்கு விசை போவதில்லை. இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டியிலே ஒன்று, மூன்று, ஐந்து என்ற ஒற்றைக் கியர்களுக்கு ஒரு தண்டும் ஒரு கிளச்சும், இரண்டு, நான்கு, ஆறு என்ற இரட்டைக் கியர்களுக்கு வேறொரு தண்டும் மற்றொரு கிளச்சும் உண்டு. வண்டி இரண்டாங் கியரிலே ஓடும்போதே மூன்றாங் கியர் மற்றத் தண்டிலே ஆயத்தமாக நிற்கும். ஒரு கிளச் கைவிடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். ஓட்டப் போட்டியிலே ஒருவர் கையிலுள்ள கோலை ஓடியபடியே மற்றவர் வாங்குவதைப் போன்றது இது. விசை அறுவதில்லை, எரிபொருளும் மிச்சம்.

இக்கருத்து புதியதன்று. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸின் மோட்டார் வண்டிகளைப் பராமரித்தவரான அடோல்ப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1939 இலேயே இதை எண்ணிப் பார்த்தார். யுத்தம் குறுக்கிட்டது, 1943 இல் அவர் காலமானார். 1980களில் போர்ஷே நிறுவனம் பந்தய வண்டிகளிலே இதைப் பரீட்சித்தது. பெருமளவில் விற்பனைக்கு வந்த சாதாரண வண்டியிலே இதை முதன்முதலிற் பொருத்தியது வொக்ஸ்வாகன். அது 2003 ஆம் ஆண்டு. தமிழ்நாட்டிலே ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹியுண்டாய் நிறுவனமும் 2019 இலிருந்து ‘வெனியூ’ என்னும் சிறு குடும்ப வண்டியிலே இதை அளித்தது.

இதிலே இரண்டு வகையுண்டு. ஒன்று, கிளச்சுகள் எண்ணெயிலே தோய்ந்திருப்பது. உராய்வினால் எழும் வெப்பத்தை எண்ணெய் கொண்டுபோய்விடும். மற்றது, உலர்ந்த கிளச். காற்றையன்றி அதைக் குளிர்விப்பதற்கு வேறொன்றில்லை. இவ்வுலர்ந்த வகை விலை குறைந்தது, எரிபொருளையும் குறைவாகக் கேட்பது. ஆதலால் சிறிய குடும்ப வண்டிகள் பலவற்றில் இதுவே இடம்பெற்றது. எம்முடையதும் இவ்வகையே.

பழைய தன்னியக்க வண்டிகளிலே விசை எண்ணெயினூடாகக் கடத்தப்படுவதனால், நாள் முழுவதும் ஊர்ந்தாலும் தேய்வதற்கு அவ்விடத்திலே தட்டு இல்லை. இரட்டைக் கிளச் வண்டியோ ஊர்ந்து செல்லும்போதெல்லாம் அரைக் கிளச்சிலே நிற்கிறது. மேட்டிலே பிரேக்கை அழுத்தாமல் வேகமிதியால் வண்டியைத் தாங்கி நிறுத்தினாலும் அதே கதிதான். தட்டுகள் உரசும், சூடேறும், அளவு மீறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள விசையை நிறுத்திவிடும். அன்று வழியிலே நடந்தது அதுவே.

உலகம் பெற்ற அனுபவம்

இந்தக் கியர்ப்பெட்டியினால் பெரிய நிறுவனங்களும் இடர்ப்பட்டதுண்டு. 2013 மார்ச்சிலே வொக்ஸ்வாகன் நிறுவனம் சீனாவில் மட்டும் 3,84,000க்கும் மேற்பட்ட வண்டிகளை இதன் பொருட்டுத் திருப்பியழைக்க நேர்ந்தது. 2013 செப்டெம்பரில் யப்பானிலே வெளிவந்த ஹொண்டா ‘ஃபிட்’ கலப்பு வண்டி, ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஐந்து முறை திருப்பியழைக்கப்பட்டது. அவற்றிற் சில கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டைப் பற்றியவை. 2014 ஒக்ரோபரிலே அந்நிறுவனத்தின் தலைவரும் பிற அதிகாரிகளும் பொறுப்பேற்றுத் தமது சம்பளத்தின் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்கு விட்டுக்கொடுத்தனர். பின்னர் கட்டுப்பாட்டு நிரல்கள் திருத்தப்பட்டன. ஆயினும் 2020 இல் வந்த அடுத்த ‘ஃபிட்’டிலும், 2021 இல் வந்த அடுத்த ‘வெசல்’ கலப்பு வண்டியிலும் அந்நிறுவனம் இரட்டைக் கிளச்சைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது.

எம் நாட்டுக்கு இதிலே ஒரு தனிச் சங்கடம் உண்டு. 2014 ஐ அடுத்த ஆண்டுகளிலே யப்பானிலிருந்து வந்து குவிந்த ‘ஃபிட்’, ‘வெசல்’ வண்டிகள் ஆயிரமாயிரம் குடும்பங்களின் சொத்தாயின. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். ஆதலால், வேறு நாடுகளிலே கைவிடப்பட்டிருக்கக்கூடிய வயதிலும் இவ்வண்டிகள் இங்கே கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பத்து வயதான வண்டியை இன்னொரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்குகிறது. விற்கிறவன் எதைச் சொல்கிறான், எதை மறைக்கிறான் என்பதிலே ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

இதை எண்ணிப் பார்த்தபோது எமக்கு இரவு உறக்கம் வரவில்லை.

உண்மை சொன்ன காலை

விடியற்காலையிலே தாயாரை அழைத்துச் செல்ல வழக்கமான முச்சக்கர வண்டியே வந்தது. எம்முடைய வண்டியிலே ஏற்றிப் போக எமக்கும் தைரியமில்லை. கேட்பதற்கு மைத்துனருக்கும் மனமில்லை. தாயாரைத் தங்கையோடு அனுப்பிவிட்டு, மைத்துனரிடம் எல்லாவற்றையுஞ் சொன்னோம். கொழும்பிலே வண்டி நடுங்கியதைச் சொன்னோம். அதை மறைத்ததையுஞ் சொன்னோம். கொடுத்த முற்பணத்தை அன்றைக்கே திருப்பித் தருவதாகவுஞ் சொன்னோம்.

அவர் சற்று நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முதலிலை காட்டிப் பாப்பம், மச்சான். வருத்தம் இன்னதெண்டு தெரியாமல் ஆளைத் தள்ளி வைக்கிறதே?” என்றார்.

வவுனியாவிலே ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த இளைஞர் ஒரு சிறு கருவியை வண்டியிலே பொருத்தி, அதன் கணினி நினைவிலே வைத்திருந்த குறிப்புகளை வாசித்தார். கிளச் மிகைவெப்பம் என்று முந்திய நாள் மட்டுமன்றி, கொழும்பிலும் பல தடவை பதிவாகியிருந்தது. தட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் முடிந்துவிடவில்லை. கட்டுப்பாட்டு நிரல் பழையதாக இருந்தது. அதைப் புதுப்பித்து, கிளச் எந்த இடத்திலே பிடிக்கிறது என்பதைக் கணினிக்கு மறுபடியும் கற்பித்தார். நடுக்கம் பெரும்பாலும் நின்றது. “கிளச் தொகுதியை ஒரு நாளைக்கு மாற்றத்தான் வேண்டிவரும். அது இலட்சக்கணக்கிலே போகும்” என்று அவர் ஒளிக்காமற் சொன்னார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: “இந்த வண்டி இனி எங்கை ஓடப்போகுது?”

புளியங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே என்றோம். விடியற்காலை, தடையற்ற வீதி, நெரிசலில்லை, புறப்பட்டால் மேற்கியர்களிலே ஒரே சீராக ஓட்டம். அந்த ஓட்டத்திலே கிளச் உரசுவதே அருமை. கொழும்பிலே ஒரு வாரத்தில் தேய்வது அங்கே பல மாதமாகியும் தேயாது என்று அவர் விளக்கினார். அதேவேளை, புளியங்குளத்திலே நின்றுபோனால் அதைத் திருத்த அங்கே கருவியுமில்லை, ஆளுமில்லை. வவுனியாவுக்கே கொண்டுவர வேண்டும். பழைய மொரிஸைத் திருத்திய பெரியவராலுங்கூட இதைத் திறக்க முடியாது. நன்மை தீமை இரண்டையுந் தராசிலே வைத்து மைத்துனரே முடிவு செய்ய வேண்டும் என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம்.

அவர் வாங்குவதென்றே தீர்மானித்தார். கிளச் தொகுதியை மாற்றுவதற்கு ஆகக்கூடிய செலவு முழுவதையும் விலையிலே கழித்துக் கொடுத்தோம். அவர் பாதி போதும் என்றார், நாம் இணங்கவில்லை. அந்தப் பணத்தைத் தொடாமல் வங்கியிலே போட்டுவைப்பதென்று தங்கை சொன்னாள். அதுவே எல்லாரிலும் புத்தியான பேச்சு.

வாசகர்களுக்கு

இவ்வகை வண்டி வைத்திருப்போருக்கும் வாங்க எண்ணுவோருக்கும் எம் அனுபவத்தினாற் பிரயோசனம் உண்டாகுமெனில் மகிழ்வோம். நெரிசலிலே அடியடியாக ஊராதீர்கள். முன்னாலுள்ள வண்டி சற்றுத் தூரம் போகும்வரை பிரேக்கை நன்றாக மிதித்து நின்று, பின்னர் ஒரேயடியாக நகருங்கள். பிரேக் அழுந்தியிருக்கும்போது கிளச் பிரிந்து ஓய்வெடுக்கும். மேட்டிலே வேகமிதியால் வண்டியைத் தாங்காதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்திலே நிறுத்தி, கையேடு சொல்கிறபடி ஆறவிடுங்கள். எண்ணெயிலே தோய்ந்த வகையானால் அந்த எண்ணெயைக் காலந் தவறாமல் மாற்றுங்கள். வாங்குமுன்னர், குளிர்ந்திருக்கும் வண்டியை நீங்களே இயக்கி, மேட்டிலே முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டி, நடுக்கம் உண்டோவென்று பாருங்கள். கணினியின் குறிப்புகளை வாசிப்பியுங்கள். திருப்பியழைப்புத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது இதுவரை எந்தத் தெருவிலே ஓடியது, இனி எந்தத் தெருவிலே ஓடப்போகிறது என்ற இரண்டையுங் கேளுங்கள்.

விற்கிறவர்களுக்குச் சொல்வதற்கு எம்மிடம் ஒன்றே உண்டு. மறைத்து விற்ற வண்டி எங்கே நிற்குமென்று யாருக்குந் தெரியாது.

நாம் கொழும்புக்குப் புகையிரதத்திலே திரும்பினோம். புளியங்குளத்து நிலையம் வரை எம்மை மைத்துனர் அந்த வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். தாயாரும் வழியனுப்ப வந்திருந்தார். “இந்த வண்டியாலை உங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு கஷ்டம், அம்மா” என்று நாம் தொடங்கினோம்.

“என்ன கஷ்டம்?” என்றார் அவர். “தொண்ணூற்றேழிலை இதே தெருவாலை பெட்டியுந் தலையுமாய் நடந்தனாங்கள். நிழல் கண்ட இடத்திலை இருக்கவும் விடேல்லை. அன்றைக்கு மரத்துக்குக் கீழை முக்கால் மணி நேரம், பிள்ளையள் எல்லாரோடையும் இருந்தன். அது எனக்குச் சந்தோஷந்தான்.”

இதை எழுதும் நாள் வரை அவ்வண்டி வாரம் இருமுறை வவுனியா போய்வருகிறது. ஒரு நாளும் தவறவில்லை. கராஜ் இளைஞர் சொன்ன விதிகளை மைத்துனர் ஒரு தாளிலே எழுதி முன்பலகையில் ஒட்டியிருக்கிறார். அதன் கீழே, முச்சக்கர வண்டிக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் மறவாமல் எழுதிவைத்திருக்கிறார்.